ரோபோல காத்து வேலை செய்யலையா? லேப்டாப்ப மூடிட்டு ஸ்க்ரூடிரைவர எடுங்க

போட்டிக்குக் கிளம்ப ரெண்டே நாள் இருக்கு, ராத்திரி ஒம்பது மணிக்கு போன், "அண்ணே கிரிப்பர் மூட மாட்டேங்குது, கோட்ல என்னவோ பிரச்சன, ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணே"ன்னு. கிரிப்பர்னா பொருளப் புடிக்கற ரோபோ கை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருல, வடகடல் பக்கம் ஒரு பழைய குடோன்லதான் பசங்க ரோபோ கட்டிட்டு இருந்தாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள புரோகிராம் கோட்ட பதினோரு தடவ மாத்தி ஏத்திட்டாங்க, ஒருத்தன் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நான் கோட்டப் பாக்கவே இல்ல. காத்தத் தெறந்து மூடற வால்வு மேல இருக்கற சின்ன பட்டன ஸ்க்ரூடிரைவர் முனையால ஒரு அமுக்கு, கிரிப்பர் டப்புன்னு மூடிருச்சு. அப்ப காத்து சரி, கிரிப்பரத் தள்ற சிலிண்டர் சரி, வால்வும் சரி. வால்வோட காயில் (கரண்ட் குடுத்தா காந்தமாகற கம்பிச் சுருள்) மேல சொருகற கனெக்டரக் கழட்டுனா உள்ள ஸ்க்ரூவுக்கு அடியில செம்புக் கம்பி பூராம் பச்சப் பச்சையா களிம்பு. வெட்டி, சீவி, திரும்ப மாட்டுனோம், முடிஞ்சுது.

அன்னிக்குப் பசங்ககிட்ட வாயால சொன்னதத்தான் இங்க விரிச்சு எழுதுறேன். ஆர்டுயினோ மெகாவோ ஈஎஸ்பி32வோ (புரோகிராம் ஏத்துற சின்ன போர்டு) வெச்சு, 5/2 சொலினாய்டு வால்வு (கரண்ட்ல மாறற காத்து வால்வு), கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல காத்துன்னு ரோபோ பண்ற காலேஜ், ஸ்கூல் பசங்களுக்கு இது. மொத்த விஷயமும் ஒண்ணுதான்: ரோபோவோட நடுவுல வால்வு உக்காந்திருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் காத்து, இந்தப் பக்கம் கரண்ட், எந்தப் பக்கம் தப்புன்னு தெரியாம எதையும் மாத்தாதீங்க. நம்மூர் போட் மெக்கானிக்கப் பாத்திருப்பீங்க, இன்ஜின் ஸ்டார்ட் ஆகலைன்னா உடனே ஹெட்டப் பிரிக்க மாட்டாரு, டீசல் எதுவரைக்கும் வருதுன்னு டேங்க்ல இருந்து ஒவ்வொரு நட்டா லூஸ் பண்ணிக்கிட்டே வருவாரு. அதே வேலைதான் இதுவும், என்ன, அவருக்கு லைன்ல காத்து இருந்தா பிரச்சன, நமக்கு இல்லாட்டி பிரச்சன.

தொடுறதுக்கு முன்னாடி

காத்த சாதாரணமா நெனைக்காதீங்க. 25 மில்லிமீட்டர் போர் (உள் விட்டம்) சிலிண்டர்ல 6 பார் (காத்தோட அழுத்த அளவு) குடுத்தா 295 நியூட்டன் கிட்ட வரும், அதாவது 30 கிலோ மூட்டைய விரல் மேல வெச்ச மாதிரி. ஏபியு ரோபோகான்ங்கற ஆசிய-பசிபிக் காலேஜ் ரோபோ போட்டி மாதிரி எடங்கள்ல வழக்கமா 6 பார்தான் எல்லை, அதுக்கு மேல யாரு சொன்னாலும் ஏத்தாதீங்க. பாட்டிலும் சோடா, கோலா மாதிரி கேஸ் உள்ள பாட்டிலா இருக்கணும், தண்ணி பாட்டில் ஆகாது, வெயில்ல கெடந்து வெளுத்ததும் கீறல் விழுந்ததும் ஆகாது. பிளம்பிங் பிவிசி பைப்ப காத்து டேங்க்கா ஆக்குற ஐடியா யாருக்காச்சும் வந்தா இப்பவே மறந்துருங்க, அது வெடிச்சா துண்டு துண்டா சிதறும். டியூபக் கழட்டுறதுக்கு முன்னாடி கேஜ்ல முள்ளு சைபருக்கு வந்துருச்சான்னு பாக்கணும், அதுக்குத்தான் பாட்டில் பக்கத்துலயே கையால திருப்புற ஒரு டம்ப் வால்வு (இருக்கற காத்தயெல்லாம் வெளிய விடறது) போடச் சொல்றது. கண்ணாடி போட்டுக்கோங்க. எனக்கு ஒரு தடவ விரல் நசுங்கியிருக்கு, அந்தக் கதை கீழ வரும்.

வால்வு மேல அஞ்சு ஓட்டை

5/2ன்னா அஞ்சு ஓட்டை, ரெண்டு நெலை. 1ங்கற ஓட்டையில காத்து உள்ள வரும் (சில வால்வுல பி-ன்னு போட்டிருக்கும்), 2ம் 4ம் சிலிண்டருக்குப் போகும், 3ம் 5ம் காத்து வெளிய போற வழி. சிங்கிள் சொலினாய்டுல (ஒரே காயில்) கரண்ட் இல்லாதப்ப 1ல இருந்து 2க்குக் காத்து போகும், கரண்ட் குடுத்தா 1ல இருந்து 4க்கு மாறும், கரண்ட் நின்னா ஸ்பிரிங் திரும்பத் தள்ளிரும். டபுள் சொலினாய்டுல ஸ்பிரிங் கெடையாது, கடைசியா எந்தக் காயிலுக்குக் குடுத்தீங்களோ அந்த நெலையிலயே நிக்கும். கரண்ட் போனாலும் பிடிச்ச பொருள கீழ போடக் கூடாதுன்னா டபுள் போடுங்க, எமர்ஜென்சி பட்டன அடிச்சா கை உள்ள மடங்கணும்னா சிங்கிள் போடுங்க. இத மொதல்லயே யோசிக்காம கடையில இருந்தத வாங்கிட்டு வந்து அப்புறம் கோட்ல சமாளிக்கப் பாக்கறவங்கதான் அதிகம்.

இன்னொண்ணு, இது யாருக்குமே தெரியறதில்ல. நாம வாங்கற 4வி210 மாதிரி வால்வெல்லாம் பைலட் வால்வு. காயில் நேரடியா ஸ்பூல (வால்வுக்குள்ள நகந்து வழிய மாத்தற தண்டு) நகத்தாது, ஒரு சின்ன ஓட்டையத் தெறந்து விடும், லைன்ல இருக்கற காத்துதான் ஸ்பூல தள்ளும். அதனால குறைஞ்சது 1.5 பார் லைன்ல இருந்தாத்தான் வேலையே செய்யும். "டிக்குன்னு சத்தம் வருதுண்ணே, ஆனா நகர மாட்டேங்குது"ன்னு சொன்னா பாதி நேரம் கேஜ் 1 பார்லதான் நிக்குது.

முதல் படி: பட்டன அமுக்குங்க

லைன்ல 3, 4 பார் ஏத்துங்க. சிலிண்டர் பாதையில யார் கையும் வேண்டாம். காயிலுக்கு அடியில ஒரு சின்ன மஞ்சளோ சிவப்போ பட்டன் இருக்கும், அத சின்ன ஸ்க்ரூடிரைவரால அமுக்குங்க. சிலிண்டர் ஒழுங்கா நகந்தா பிரச்சன கரண்ட் பக்கம், மூணாவது படிக்குப் போங்க. நகரலைன்னா காத்துப் பக்கம், லேப்டாப்ப மூடி வெச்சுட்டு ரெண்டாவது படி. அமுக்கித் திருப்புனா லாக் ஆகிற மாதிரி பட்டனா இருந்தா டெஸ்ட் முடிஞ்சதும் திருப்பி விட்டுருங்க, லாக்லயே மறந்துட்டு "வால்வு ஆன்லயே நிக்குது, கோட் தப்பு"ன்னு ரெண்டு மணி நேரம் தேடுன டீம் உண்டு.

ரெண்டாவது படி: காத்துப் பக்கம்

பாட்டில்ல இருந்து ஆரம்பிச்சு வரிசையா வாங்க. பாட்டில் பக்க கேஜ்ல 6 காட்டுது, ரெகுலேட்டருக்கு (அழுத்தத்தக் கொறைச்சு ஒரே அளவுல குடுக்கறது) அப்புறம் சைபர்னா ரெகுலேட்டர் மூடியிருக்கு, இல்ல தலகீழா மாட்டியிருக்கீங்க, அதுமேல அம்புக்குறி இருக்கும் பாருங்க. ரெகுலேட்டர் தாண்டி காத்து இருக்கு, வால்வுக்கு வரலைன்னா டியூப் எங்கயோ மடங்கியிருக்கு. 6 மில்லிமீட்டர் பியு (பாலியூரித்தேன்) டியூபுக்கு உள் ஓட்டை 4 மில்லிமீட்டர்தான், கேபிள் டை போட்டு இறுக்குனா நசுங்கிரும், வெளிய பாக்க நல்லாவே இருக்கும்.

கசிவுக்கு சோப்புத் தண்ணிதான், பஞ்சர் கடையில பண்றதப் பாத்திருப்பீங்க. ஆனா தண்ணி காயில் மேலயும் போர்டு மேலயும் ஊத்தாம பிரஷ்ல தொட்டு வைங்க. புஷ் ஃபிட்டிங்ல கசிஞ்சா பத்துக்கு ஒம்பது தடவ டியூப கத்திரிக்கோலால சாய்வா வெட்டியிருப்பாங்க, இல்ல கடைசி வரைக்கும் உள்ள தள்ளியிருக்க மாட்டாங்க. பிளேடால நேரா வெட்டுங்க, உள்ள ஒரு எடத்துல தட்டி நிக்கும், அதுக்கு மேலயும் ஒரு தள்ளு தள்ளுனா கடைசி ரப்பர் வரைக்கும் போகும், அப்புறம் இழுத்துப் பாருங்க. மரை இருக்கற எடத்துல டெஃப்ளான் டேப் சுத்துறப்ப முனையில ஒரு மரை விட்டுட்டுச் சுத்தணும். மிச்ச டேப் பிசிர் உள்ள போய் ஸ்பூல்ல மாட்டிக்கிட்டா வால்வு பாதியிலயே நிக்கும், எல்லா ஓட்டையிலயும் காத்து சீறும்.

சும்மா நிக்கும்போதே வால்வோட 3 இல்ல 5 வழியா காத்து போய்க்கிட்டே இருக்கா? உடனே வால்வு போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, சிலிண்டர் சீல் போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: காத்த இறக்கிட்டு, எக்ஸாஸ்ட் ஆகிற பக்கத்து டியூப சிலிண்டர்ல மட்டும் கழட்டுங்க, திரும்ப காத்து ஏத்தி பிஸ்டன முழுசா அந்தப் பக்கம் போக விடுங்க. கழட்டுன சிலிண்டர் ஓட்டையில காத்து வந்துக்கிட்டே இருந்தா பிஸ்டன் சீல் போச்சு. வரல, ஆனா வால்வு எக்ஸாஸ்ட்ல இன்னும் சீறுதுன்னா வால்வுதான்.

சிலிண்டர் திக்கித் திக்கிப் போகுதுன்னா ஃப்ளோ கன்ட்ரோலப் (காத்தோட வேகத்தக் கொறைக்கற திருகு) பாருங்க. உள்ள போற காத்தக் கட்டுப்படுத்துனா துள்ளித் துள்ளிப் போகும், வெளிய வர்ற காத்தக் கட்டுப்படுத்துனாதான் வழுக்கிட்டுப் போகும்.

முதல் நாலஞ்சு அடி பலமா இருக்கு, அப்புறம் சோர்ந்து போகுதுங்கற புகார் நிறைய வரும். அது பழுதே இல்ல, கணக்கு. 25 போர், 100 ஸ்ட்ரோக் சிலிண்டர் ஒரு தடவ போய்ட்டு வர உள்ள 90 சிசி கிட்ட நிரப்பணும். ரெகுலேட்டர 4 பார்ல வெச்சா காத்து மண்டல அழுத்தத்தையும் சேத்து அஞ்சு மடங்கு, அதாவது 0.45 லிட்டர் வெளிக்காத்து. 2 லிட்டர் பாட்டில் 6ல இருந்து 4 பாருக்கு எறங்குறப்ப குடுக்கறது 4 லிட்டர்தான். அப்ப ஒரு பாட்டிலுக்கு ஒம்பது தடவ கூட முழுசா வராது. மேட்ச்ல இருபது தடவ அடிக்கணும்னா மூணு பாட்டில் மாட்டுங்க, இல்ல சின்ன போர் சிலிண்டர் போடுங்க. கோட்ல எவ்வளவு தேடுனாலும் காத்து கெடைக்காது.

மூணாவது படி: வயர் பக்கம்

இங்கதான் நிறைய நேரம் போகும். மல்டிமீட்டர் எடுத்துக்கோங்க.

காயில் மேல எரியற எல்இடிய நம்பாதீங்க. அது காயிலுக்குப் பக்கத்துல தனியா போற லைன், காயில் உள்ள அறுந்து கெடந்தாலும் எல்இடி ஜம்முன்னு எரியும். கரண்ட ஆஃப் பண்ணி, கனெக்டரக் கழட்டி, காயிலோட ரெண்டு தகட்டுலயும் ஓம்ஸ் பாருங்க. 24 வோல்ட், 3 வாட் காயில்னா 190 ஓம் பக்கம் வரணும், 12 வோல்ட், 3 வாட்னா 48 பக்கம். ஒண்ணுமே காட்டலைன்னா காயில் அறுந்துருச்சு. மீட்டர் இல்லாத எடத்துல ஆன் பண்ணிட்டு காயில் நட்டு மேல ஸ்க்ரூடிரைவர் முனைய வைங்க, காந்தம் இழுத்தா காயில் உசுரோட இருக்கு.

காயில் மேல எழுதியிருக்கற வோல்ட்டப் படிங்கப்பா. 24 வோல்ட் காயிலுக்கு 12 குடுத்தா எல்இடி மங்கலா எரியும், வால்வு அசையாது. 12 காயிலுக்கு 24 குடுத்தா நாலு மடங்கு சூடு, கொஞ்ச நேரம் பிரமாதமா வேலை செஞ்சுட்டு அப்புறம் வாசன வரும்.

இப்ப வோல்ட் அளக்கறது. இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு, மண்டபத்துல பசங்க மாட்டுனதும் இதுலதான். கனெக்டரக் கழட்டி அளந்தா களிம்பு புடிச்ச கம்பியிலயும் முழு 24 காட்டும், ஏன்னா மீட்டர் கரண்டே இழுக்காது. காயில மாட்டி, ஆன் பண்ணி, லோடு இருக்கறப்ப காயிலோட ரெண்டு முனையில அளக்கணும். 23, 24 வந்து வால்வு அடிக்கலைன்னா வால்வு பக்கம் பாருங்க. 15, 16ன்னு எறங்குனா நடுவுல எங்கயோ மோசமான காண்டாக்ட், இல்ல பேட்டரி எறங்கிருச்சு. சைபர்னா டிரைவரோ (போர்டுக்கும் காயிலுக்கும் நடுவுல இருக்கற ஸ்விட்ச்) கோட்டோ.

ஆர்டுயினோ பின்ல இருந்து நேரா காயிலுக்கு வயர் போட்டவங்க கைய தூக்குங்க. ஒரு பின் தாங்கறது 20 மில்லிஆம்ப், 24 வோல்ட் காயிலுக்கே 125 வேணும். நடுவுல மாஸ்ஃபெட் (சின்ன சிக்னல்ல பெரிய கரண்ட ஆன் பண்ற ஸ்விட்ச்) போடணும், அதுலயும் போர்டு பின்னோட வோல்ட்லயே தெறக்கற லாஜிக் லெவல் மாஸ்ஃபெட். ஐஆர்எஃப்இசட்44என் கடையில சுலபமா கெடைக்கும், ஆனா 5 வோல்ட்ல முழுசா தெறக்காது, ஈஎஸ்பி32வோட 3.3 வோல்ட்ல இன்னும் மோசம். நடுவுல எல் இருக்கற ஐஆர்எல்இசட்44என்ன கேட்டு வாங்குங்க. மாஸ்ஃபெட்டோட கேட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 கே ரெசிஸ்டர் போடலைன்னா போர்டு பூட் ஆகிற நேரத்துல வால்வு தன் இஷ்டத்துக்கு அடிக்கும். வால்வு பேட்டரியோட நெகட்டிவும் ஆர்டுயினோ கிரவுண்டும் சேந்திருக்கணும், சேராம "சில நேரம் அடிக்குது சில நேரம் அடிக்கல"ன்னு பேய் கதை சொல்லக் கூடாது.

அப்புறம் டயோடு. காயிலுக்குக் குறுக்க 1என்4007 ஒண்ணு, வெள்ளக் கோடு பாசிட்டிவ் பக்கம். ரெண்டு ரூபா சாமான், ஆனா இது இல்லாமத்தான் பாதி ரோபோ மேட்ச் நடுவுல செத்துப் போகுது. கண்டுபிடிக்க நான் பாக்கற வழி: போர்டு ரீசெட் ஆகறது வால்வு ஆன் ஆகிறப்பயா, ஆஃப் ஆகிறப்பயா? ஆன் ஆகிறப்பன்னா பவர் பத்தல, வோல்ட் எறங்குது. ஆஃப் ஆகிறப்பன்னா டயோடு இல்ல, இல்ல அறுந்திருக்கு, காயில்ல இருந்த சக்தி உதைச்சுத் திரும்புறப்ப போர்டு தடுமாறுது. எல்இடியும் டயோடும் உள்ளயே வெச்ச கனெக்டர்னா பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்துறாதீங்க, ஷார்ட் ஆகும்.

நாலாவது படி: இப்ப லேப்டாப்ப தெறங்க

முழு கோட்டையும் ஓரமா வைங்க. ஒரே ஒரு பின், ரெண்டு செகண்ட் ஆன், ரெண்டு செகண்ட் ஆஃப், அவ்வளவுதான் ஒரு டெஸ்ட் கோட். இதுல வால்வு ஒழுங்கா அடிச்சா இனிமே வயரத் தொடாதீங்க, தப்பு உங்க பெரிய கோட்ல.

பின் நம்பரப் பாருங்க. ஆர்டுயினோ ஊனோ, மெகா ரெண்டுலயும் 0, 1 பின் யுஎஸ்பியோட பேசற பின், அதுல வால்வ மாட்டுனா கோட் ஏத்தறப்பல்லாம் தட தடன்னு அடிக்கும். 13ல போர்டு எல்இடி இருக்கு, ரீசெட் ஆனதும் பூட்லோடர் அத சிமிட்டும், கூடவே உங்க சிலிண்டரும் சிமிட்டும். ஈஎஸ்பி32ல 34ல இருந்து 39 வரைக்கும் இன்புட் மட்டும்தான், என்ன எழுதுனாலும் வெளிய ஒண்ணும் வராது. 12ம் பின்ன பூட் நேரத்துல எதாச்சும் மேல இழுத்துப் புடிச்சா போர்டே எழுந்திருக்காம போகலாம்.

ரிலே போர்டு வெச்சவங்களுக்கு என் விரல் கதை. நிறைய ரிலே போர்டு தலகீழ், பின் லோ ஆனா ரிலே ஆன். செட்டப்ல பின்மோட அவுட்புட்னு சொன்ன நொடியே பின் லோவுக்குப் போகும், ரிலே அடிக்கும், அடுத்த வரியில ஹை குடுத்து ஆஃப் பண்றதுக்குள்ள சிலிண்டர் ஒரு குத்து குத்திரும். நான் கிரிப்பர் நடுவுல விரல வெச்சுக்கிட்டு பேட்டரிய மாட்டுனேன், நகம் கறுத்து விழுந்து மொளைக்க ரொம்ப நாள் ஆச்சு. சரி பண்றது ரொம்ப சுலபம், டிஜிட்டல்ரைட் ஹை-ய பின்மோடுக்கு முன்னாடி எழுதுங்க.

பட்டன ஒரு தடவ அமுக்குனா சில நேரம் மூடுது, சில நேரம் மூடித் தெறக்குதுன்னா அது டாக்கிள் (ஒவ்வொரு அமுக்குக்கும் நெலைய மாத்தற கோட்) தப்பு. விரல் கால் செகண்ட் பட்டன் மேல இருந்தாலும் லூப் அதுக்குள்ள ஆயிரக்கணக்குல சுத்திருக்கும், ஒவ்வொரு சுத்துலயும் நெலைய மாத்துனா கடைசில எங்க நிக்கும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். போன சுத்துல அமுக்கல, இந்தச் சுத்துல அமுக்கியிருக்கு, அந்த ஒரு நொடியில மட்டும் மாத்துங்க. வயர்ல நேரா மாட்டுன பட்டன்னா 20, 30 மில்லிசெகண்ட் பொறுத்து இன்னொரு தடவ பாத்துக்கோங்க.

டபுள் சொலினாய்டுல ரெண்டு காயிலும் ஒரே நேரத்துல ஆன் ஆகிற வழியே கோட்ல இருக்கக் கூடாது, அப்படி ஆச்சுன்னா ஸ்பூல் ரெண்டு பக்கமும் தள்ளப்பட்டு இருந்த எடத்துலயே நிக்கும். ஒண்ண ஆஃப் பண்ணிட்டுத்தான் இன்னொண்ணு, 100 மில்லிசெகண்ட் பல்ஸ் போதும், காயில் சூடும் ஆகாது.

அப்புறம் டிலே, அதாவது கோட்ட அப்படியே நிறுத்தி வைக்கற கட்டளை. சிலிண்டர் வெளிய போக அர செகண்ட் ஆகுதுன்னு டிலே போட்டா அந்த அர செகண்ட் ரோபோ குருடு, செவிடு, ஜாய்ஸ்டிக்ல நிறுத்துன்னு சொன்னாலும் கேக்காது. மில்லிஸ் (போர்டுக்குள்ள ஓடுற கடிகாரம்) வெச்சு, எப்ப ஆரம்பிச்சோம், இப்ப மணி என்னன்னு பாத்து அடுத்த நெலைக்குப் போற மாதிரி எழுதுங்க. முடிஞ்சா சிலிண்டர்ல காந்தத்த உணர்ற ரீட் ஸ்விட்ச் மாட்டுங்க (காந்தம் வெச்ச பிஸ்டன்னா மட்டும்), நேரத்த நம்பறதவிட பிஸ்டன் போய்ச் சேந்துருச்சாங்கறத நம்பலாம், ஏன்னா காத்து கொறைஞ்சா நேரம் மாறும். ஜாய்ஸ்டிக் சிக்னல் போனா என்ன நெலைக்குப் போகணும்னும் ஒரு வரி எழுதி வைங்க.

அமெரிக்க எஃப்ஆர்சி (ஸ்கூல் பசங்க ரோபோ போட்டி) வீடியோ பாத்துக் கத்துக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. அங்க ரோபோலயே கம்ப்ரஸர் இருக்கும், சேமிக்கறது 120 பிஎஸ்ஐ வரைக்கும், வேலைக்கு 60 பிஎஸ்ஐ, வால்வ ஓட்டற மாடியூல் கேன் (CAN) லைன்ல பேசும். ரோபோ எனேபிள் ஆகாம கம்ப்ரஸர் ஓடாது, டபுள் சொலினாய்டு ஆஃப் நெலையில இருந்தா டாக்கிள் வேலை செய்யாது, மொதல்ல ஃபார்வர்டோ ரிவர்ஸோ குடுக்கணும். அந்த ஊரு விதி வேற, நம்ம ஆர்டுயினோ வேற, அங்க எழுதுனத இங்க ஒட்டாதீங்க.

நம்ம கடற்கரைக்கு மட்டும்

பாம்பன்ல 1914ல தெறந்த பழைய ரயில் பாலத்துக்கு உப்புக் காத்தோட எத்தன வருஷப் போராட்டம்னு நமக்குத் தெரியும், 2022 டிசம்பர்ல அதுல ரயிலையே நிறுத்திட்டாங்க. இரும்புக்கே அந்தக் கதின்னா நம்ம சல்லி வயரு எம்மாத்திரம். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ராத்திரி வெளிய வெச்ச ரோபோவ காலையில தொட்டா பிசுபிசுன்னு இருக்கும். அதனால கம்பிய முறுக்கி ஸ்க்ரூக்கு அடியில சொருகற பழக்கத்த விட்டுட்டு ஃபெருல் (கம்பி முனையில மாட்டற உலோகக் குழாய்) போட்டு கிரிம்ப் பண்ணுங்க, ஜாயின்ட் எல்லாத்துக்கும் ஹீட் ஷ்ரிங்க், காயில் கனெக்டருக்குள்ள வர்ற ரப்பர் வாஷர தூக்கிப் போடாதீங்க, அது சும்மா வெச்சதில்ல. வேலை முடிஞ்சா மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வால்வையும் போர்டையும் வைங்க. களிம்பு புடிச்ச கம்பிய சொரண்டி மாட்டுறது ரெண்டு நாளைக்குத்தான், கம்பி பளபளன்னு தெரியற வரைக்கும் வெட்டிட்டுப் போடுங்க.

பஞ்சர் கடையில காத்து ஏத்தறவங்க கடக்கார அண்ணன்கிட்ட "டேங்க் தண்ணிய ஒரு தடவ எறக்கிருங்கண்ணே"ன்னு கேட்டுட்டு ஏத்துங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு அந்த டேங்க்ல இருந்து டம்ளர் கணக்குல தண்ணி வரும், அது அப்படியே பாட்டிலுக்கு வந்து அங்கருந்து வால்வுக்குப் போகும். ஃபில்டர் ஒண்ணு ரெகுலேட்டருக்கு முன்னாடி போட்டு, கிண்ணத்துல சேர்ற தண்ணிய தெனமும் எறக்குங்க. பாட்டில ரோபோல வாய் மேல பாக்க மாட்டுனா தண்ணி அடியிலயே தங்கும், வாய் கீழ பாக்க இருந்தா மொத்தமும் வால்வுக்குத்தான்.

போட்டிக்கு எடுத்துட்டுப் போற டப்பாவுல ஒரு ஸ்பேர் வால்வு, ரெண்டு காயில், பத்து டயோடு, நாலு மாஸ்ஃபெட், ரெண்டு மீட்டர் டியூப், பிளேடு, மல்டிமீட்டருக்குப் புது பேட்டரி. ராமேஸ்வரத்துலயோ ராமநாதபுரத்துலயோ ரயில் ஏறுறதுக்கு முன்னாடி பாட்டில்ல காத்து பூராத்தையும் எறக்கிருங்க, வால்வு ஓட்டை அஞ்சுலயும் டேப் ஒட்டிருங்க. போய் எறங்குனதும் மொத வேலையா காத்து ஏத்தி, லேப்டாப்ப பையில இருந்து எடுக்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு வால்வு பட்டனையும் ஒரு தடவ அமுக்கிப் பாத்துருங்க.